மகன் படகில் டீசல் ஹீட்டர்: பகலில் எடுக்கிறது, ராத்திரியில் எடுப்பதில்லை

ஆயில் எஞ்சின், திருவிடைமருதூர்:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தொழில் ஆயில் எஞ்சின் மெக்கானிக். 34 வருஷம் ஆகிறது. ஆடுதுறையிலிருந்து திருப்பனந்தாள் வரை வயல் வரப்பில் கொட்டகை போட்டு நின்ற பம்புசெட்டுகளில் என் ஸ்பேனர் படாதது குறைவு. இலவச கரண்ட் வந்ததும் எல்லோரும் மோட்டாருக்கு மாறிவிட்டார்கள். மேட்டூர் தண்ணீர் தாமதமாகி, மும்முனை கரண்டும் இழுத்தடிக்கிற வருஷத்தில்தான் ‘அந்தப் பழைய எஞ்சினை ஒரு தடவை பாருங்களேன்’ என்று தேடி வருவார்கள். ஆனாலும் எஞ்சின் விடுகிற புகையைப் பார்த்தே கோளாறைச் சொல்லிவிடுவேன் என்று ஒரு கர்வம் இருந்தது. அது இந்த மார்கழியோடு போயிற்று.

மகன் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். வாடகை கொடுத்து மாளவில்லை என்று சிநேகிதன் ஒருவனோடு சேர்ந்து பழைய படகு ஒன்றை வாங்கி அதிலேயே குடியிருக்கிறான். நாகப்பட்டினம் விசைப்படகு மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள். இது வாய்க்காலில் போகிற இரும்புப் படகு. நீளம் 45 அடி, அகலம் 6 அடி 10 அங்குலம். அங்கே வாய்க்கால் மதகுகள் ஏழடி அகலம்தானாம், அதற்குள் நுழைய வேண்டுமே என்று இந்த அளவு. எங்கள் வீட்டு ரேழியைப் பெயர்த்துக் காவிரியில் மிதக்கவிட்டால் எப்படி இருக்கும், அப்படி.

குளிருக்கு அதில் ஒரு டீசல் ஹீட்டர் போட்டிருக்கிறான். லாரி டிரைவர் கேபினுக்காகச் செய்து விற்கிற சீன மாடல், பெட்டியில் 5 கிலோவாட் என்று அச்சடித்திருக்கிறது. படகின் முன்பக்கத்து அலமாரிக்குள் ஹீட்டரும் அதற்கென்று தனியாக 10 லிட்டர் டேங்கும். எஞ்சின், பேட்டரி எல்லாம் பின்பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் நன்றாகத்தான் ஓடியது. மார்கழி பிறந்தது, தகராறும் பிறந்தது.

சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது. பம்பு ‘டிக், டிக்’ என்று அடிக்கிறது. வெளியே குழாயில் வெள்ளைப் புகை, கண் எரிகிற டீசல் வாடை. இரண்டு மூன்று நிமிடம் இப்படிப் புகைந்துவிட்டு நின்றுபோகிறது. தானாகவே இன்னொரு தடவை முயன்று பார்த்து, திரையில் ஏதோ ஒரு எர்ரர் நம்பரைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொள்கிறது. பகலில் படகை ஓட்டிக்கொண்டு போகும்போது போட்டால் முதல் தடவையே எடுக்கிறது. ராத்திரி கரையில் கட்டிய பிறகு போட்டால் பத்துக்கு எட்டுத் தடவை எடுப்பதில்லை. ராத்திரி 1, 2 டிகிரி என்கிறான். இங்கே 21 டிகிரிக்கே நான் மஃப்ளர் கட்டிக்கொண்டுதான் டீக்கடைக்குப் போகிறேன்.

என் கணக்கு இதுதான்: ராத்திரிக் குளிரில் டீசல் தேங்காய் எண்ணெய் மாதிரி உறைகிறது, இல்லையென்றால் லைனில் ஏர் பிடித்திருக்கிறது. வீடியோ காலிலேயே ஏர் எடுக்க வைத்தேன். புது ஃபில்டர் போட்டான். ஒரு மாற்றமும் இல்லை.

அடிப்படையிலேயே ஒன்று பிடிபடவில்லை. டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு, ஹேண்டிலைச் சுற்றி, வேகம் வந்ததும் லீவரை விட்டால் ‘டுப்’ என்று எடுக்குமே, அதுதான் எனக்குத் தெரிந்த டீசல். காற்றை நெருக்கினால் சூடாகும், நாஸில் பனி மாதிரி பீய்ச்சும், பற்றிக்கொள்ளும். இந்தப் பெட்டிக்குள் பிஸ்டனும் இல்லை, நாஸிலும் இல்லை. கம்ப்ரஷன் இல்லாமல் டீசல் எப்படி எரிகிறது?

இதற்கு நடுவில் சுவரில் மாட்டியிருந்த ஓர் அலாரம் வேறு கத்திக்கொண்டே இருந்ததாம். தூங்க முடியவில்லை என்று அதன் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டான். அது கிடக்கட்டும், ஹீட்டருக்கு ஒரு வழி சொல்லுங்கள். அவன் குளிரில் கிடக்கிறானே என்று அவன் அம்மா இங்கே ஃபேன்கூடப் போட்டுக்கொள்வதில்லை.


அக்கரைப்பேட்டை லாஞ்சு:

அண்ணே, அந்தக் குளிரில் மூன்று வருஷம் வலை இழுத்தவன் சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் ஒரு மீன்பிடி படகில் வேலை பார்த்தேன். ஃபேன் வைத்த ஹீட்டரே வேண்டாம், தலையைச் சுற்றி எறிந்துவிட்டுச் சொட்டு அடுப்பு வைக்கச் சொல்லுங்கள்.

எங்கள் படகில் இருந்தது டென்மார்க்கில் செய்த ரெஃப்லெக்ஸ். பார்ப்பதற்கு எவர்சில்வரில் செய்த வெந்நீர் பாய்லர் மாதிரி இருக்கும், நடுவில் புகைக்குழாய் மேலே கூரையைத் துளைத்துக்கொண்டு போகும். அடியில் ஒரு சட்டி. டீசல் அந்தச் சட்டிக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கும். எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை ஒரு மிதவை வால்வு பார்த்துக்கொள்ளும், மாடித் தொட்டி மிதவை மாதிரிதான். துளி ஸ்பிரிட் விட்டுக் கொளுத்திப்போட்டால் சட்டி சூடாகும். சூடான சட்டியில் விழுகிற டீசல் ஆவியாகும், ஆவி எரியும். அவ்வளவுதான். கரண்ட் வேண்டாம், சத்தம் கிடையாது. புகைக்குழாய் இழுக்கிற இழுப்பிலேயே காற்று வந்துவிடும். அதன் தலையில் கெட்டிலை ஏற்றி வைத்தால் கரை சேரும் வரை டீ.

குறையும் சொல்லிவிடுகிறேன். எதிர்க்காற்று குழாய்க்குள் திருப்பி அடித்தால் புகை உள்ளே வரும். ஒரு தடவை பாதியில் அணைந்துபோன அடுப்பை, சட்டி ஆறும் முன்பே கொளுத்தப் போனான் கூட இருந்த ஒருத்தன். சட்டியில் டீசல் தேங்கி ஆவியாகிக் கிடந்திருக்கிறது. புருவம் இரண்டும் போச்சு. அணைந்தால் ஆறவிட வேண்டும், தேங்கினதைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், அப்புறம்தான் தீக்குச்சி.

ஊருக்கு வந்ததும் தடைக்காலத்து 61 நாளில் வெல்டிங் பட்டறையில் சொல்லி இதே மாதிரி ஒன்று செய்து பார்க்கலாம் என்று ஆசை வந்தது. எங்கள் படகில் இதை ஏற்றினால் பிடித்த மீன் கரைக்கு வரும்போதே கருவாடாகிவிடும் என்றாள் வீட்டுக்காரி. விட்டுவிட்டேன்.


நீடாமங்கலம் சம்பா:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 5 கிலோவாட் சூட்டுக்காற்று என்றால் இதை வைத்து நெல் காயவைக்கலாமா? அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் 22 சதவீத ஈரத்தோடு களத்தில் கிடக்கிறது. கொள்முதல் நிலையத்தில் 17 வரைதான் கணக்கு. தார்ரோட்டில் கொட்டிக் காலால் துழாவித் துழாவிப் பாதம் வெந்துவிட்டது.


செகண்ட் எஞ்சினியர், தரங்கம்பாடி:

கப்பலில் செகண்ட் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

ஆயில் எஞ்சின் சார், கம்ப்ரஷன் இல்லாமல் எப்படி எரிகிறது என்று கேட்டீர்கள். கல்யாண ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸ் பிடித்துப் போனார்களே, அதில் பிஸ்டனா இருந்தது? சூடான குழாயில் மண்ணெண்ணெய் ஆவியானது, ஆவி எரிந்தது. உங்கள் மகன் ஹீட்டரிலும், மேலே நண்பர் சொன்ன சொட்டு அடுப்பிலும் அதே சங்கதிதான். திரவ டீசல் எரிவதில்லை. அதன் ஆவிதான் எரியும்.

ஹீட்டருக்குள் ஒரு குளோ பிளக் இருக்கிறது. அதைச் சுற்றி மெல்லிய கம்பிச் சல்லடை. சுவிட்சைப் போட்டதும் குளோ பிளக் பழுக்கக் காய்கிறது. அப்புறம் பம்பு அடிக்க ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு டிக்குக்கும் சுமார் 0.02 மில்லி டீசல், அவ்வளவுதான். அது சல்லடையில் ஊறி, ஆவியாகி, பற்றிக்கொள்ளும். தீ நிலைத்துவிட்டது என்று சென்சார் சொன்னதும் குளோ பிளக் அணைந்துவிடும், அதற்குப் பிறகு தன் சூட்டிலேயே எரியும். தீயும் அதன் புகையும் ஓர் அலுமினியக் கூட்டுக்குள்ளேயே சுற்றி வெளியே போய்விடும். அறைக் காற்று அந்தக் கூட்டின் வெளிப்புறத்தைத் தடவிக்கொண்டு போய்ச் சூடாகி வரும். இரண்டு காற்றும் சந்திக்கக் கூடாது. வெபாஸ்டோ, எபர்ஸ்பேஷர் என்று ஜெர்மன் கம்பெனிகள் செய்வதும் இதே தத்துவம்தான். 2 கிலோவாட் கொடுக்கிற மாடல் முழு வேகத்தில் மணிக்குக் கால் லிட்டர் டீசல்தான் குடிக்கும்.

உறைகிற சந்தேகத்தை விட்டுவிடுங்கள். 1 டிகிரியில் டீசல் உறையாது, அதுவும் அந்த நாட்டில் குளிர்காலத்துக்கென்று தனிப் பக்குவத்தில் டீசல் விற்கிறார்கள். இன்னொன்றையும் யோசியுங்கள். மெழுகு கட்டினால் முதலில் ஃபில்டர் அடைபடும், டீசலே வந்து சேராது, புகையும் வராது. உங்களுக்கு வெள்ளைப் புகை வருகிறதே? டீசல் வந்துவிட்டது, ஆவியும் ஆகிவிட்டது, பற்றிக்கொள்ளத்தான் இல்லை என்று அர்த்தம். புகை பார்த்துக் கோளாறு சொல்கிறவர் நீங்கள், இதை எப்படி விட்டீர்கள்?

சல்லடையில் கரி அடைத்திருக்கும் என்பது என் ஊகம். அறை சூடாகிவிட்டது என்று மணிக்கணக்கில் குறைந்த வேகத்திலேயே ஓடவிட்டால் தீ மந்தமாக எரிந்து கரி கட்டும். வாரத்துக்கு ஒரு நாள் அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்ட வேண்டும். பம்பு எப்படி மாட்டியிருக்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். படுக்கைவாட்டில் இருந்தால் குமிழி தங்கும், டீசல் வெளியேறுகிற முனை மேலே பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். இணைப்புக் குழாயும் கெட்டியான மெல்லிய நைலானாக இருக்கட்டும். ரப்பர் குழாய் போட்டால் ஒவ்வொரு டிக்குக்கும் குழாயே கொஞ்சம் உப்பி அந்தத் துளியை விழுங்கிவிடும்.

நீடாமங்கலம் நண்பருக்கு: ஒரு டன் நெல்லை 22 சதவீதத்திலிருந்து 17க்குக் கொண்டுவர 60 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். ஒரு சொட்டுச் சூடுகூட வீணாகாது என்று வைத்தாலும் 5 கிலோவாட்டுக்கு 8 மணி நேரம். நிஜத்தில் அதுபோல இரண்டு மடங்கு ஆகும். ஒரு முழு ராத்திரிக்கும் மேலே ஓட்டி 40 கிலோ மூட்டை 25 காயும், டீசல் 8, 9 லிட்டர் போகும். ஃபேனும் போதாது. தனிப் பதிவாகக் கேள்வி போடுங்கள், அங்கே பேசலாம்.


ஆயில் எஞ்சின், திருவிடைமருதூர்:

செகண்ட் எஞ்சினியர் சார், அந்தக் கடைசிக் கேள்வி நன்றாகவே உறைத்தது.

பெட்ரோமாக்ஸ் என்று சொன்னதும் விளங்கிவிட்டது. எங்கள் அப்பா கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டவர், பின் போட்டுக் குத்தி அடைப்பு எடுப்பது என் வேலையாக இருந்தது.

நாலு நாள் முன்பு மகன் ஹீட்டரைப் பிரித்தான். நான் இங்கே ஃபோனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சல்லடை கையில் வந்தது. வடைச் சட்டி அடியில் பிடித்த கருக்கு மாதிரி, கறுப்பு, அதற்கு மேல் ஈரம். பம்பு நீங்கள் சொன்னபடியே படுத்துத்தான் கிடந்தது. சாய்த்து மாட்டினான். புது சல்லடை, புது காஸ்கெட். ராத்திரி போட்டான், ஒரே தடவையில் எடுத்தது. அவன் அம்மா பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தாள்.

இரண்டு ராத்திரி எடுத்தது. மூன்றாவது ராத்திரி பழையபடி வெள்ளைப் புகை. மறுநாள் பிரித்தால் புது சல்லடை டீசலில் ஊறிப்போய்க் கறுக்கத் தொடங்கியிருக்கிறது. மூன்றே நாளில் எப்படி? கரி பிடித்ததால் எடுக்கவில்லையா, எடுக்காததால் கரி பிடிக்கிறதா? எஞ்சினில் இந்தக் குழப்பம் எனக்கு வந்ததே இல்லை.

லாஞ்சுத் தம்பி, சொட்டு அடுப்பைப் பற்றிச் சொன்னேன். கூரையில் ஓட்டை போட வேண்டுமா என்று கேட்டான். வேண்டும் என்றேன். பேச்சை மாற்றிவிட்டான்.


வாய்க்கால்வாசி, ஊர் தஞ்சாவூர்:

ஐயா, நானும் இங்கிலாந்தில் இப்படி ஒரு படகில்தான் ஆறாவது குளிர்காலமாக இருக்கிறேன். இந்தப் பதிவுகளை இன்றைக்குத்தான் பார்த்தேன். ஹீட்டர் பற்றிப் பிறகு சொல்கிறேன். நான்கு பேர் எழுதிய பிறகும் அந்த அலாரத்தைப் பற்றி யாருமே வாய் திறக்காதது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

‘அது கிடக்கட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கிடக்கக் கூடாது. அது கார்பன் மோனாக்சைடு அலாரம். அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, வாடை இல்லை. கண் எரிகிற டீசல் வாடையை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. 45 அடி இரும்புப் பெட்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்கள், இரண்டு பையன்கள். இங்கே படகுகளுக்கான பாதுகாப்பு விதியில் 2019 ஏப்ரல் முதல் இந்த அலாரம் கட்டாயம். நிமிடத்துக்கு ஒரு தடவை ‘கீச்’ என்றால் பெரும்பாலும் பேட்டரி தீர்ந்திருக்கும். நான்கு நான்காகக் கத்தினால் வாயு. எப்படிக் கத்தியது என்று கேட்டீர்களா? இன்றைக்கே ஈ.என். 50291-2 என்று அச்சடித்த, எண் காட்டுகிற திரை உள்ள அலாரமாக வாங்கி மாட்டச் சொல்லுங்கள். அதுவரை ஹீட்டரைத் தொட வேண்டாம். இரண்டு கம்பளி, ஒரு வெந்நீர்ப் பை, போதும்.

நான் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. லாரிக்காக விற்கிற அந்தப் பெட்டியோடு வரும் சைலன்சர் ஒட்டுப் போட்ட மடிப்புத் தகடு. அடியில் தண்ணீர் வடிய ஓர் ஓட்டையும் இருக்கும். லாரியில் அது வண்டிக்கு அடியில், திறந்த வெளியில் தொங்குகிறது, கசிந்தால் ஒன்றும் இல்லை. படகில் அதே சைலன்சர் அலமாரிக்குள் இருக்கும். கசிவதெல்லாம் வீட்டுக்குள்தான். ஓட்டை இல்லாத, முழுக்க வெல்டு செய்த படகு சைலன்சரும் எஃகுக் குழாயும் தனியாகக் கிடைக்கும். குழாயைச் சுற்றி வெப்பம் தாங்கும் நாடா. படகுச் சுவரைக் கடக்கிற இடத்தில் உலோக ஃபிட்டிங், தண்ணீர் மட்டத்துக்கு நல்ல உயரத்தில். தீக்குப் போகிற காற்றையும் வெளியிலிருந்தே எடுக்க வேண்டும். அலமாரிக்குள் இருக்கிற அந்த டீசல் டேங்கையும் வெளியே ஏற்றச் சொல்லுங்கள்.

சரி, இப்போது ஹீட்டர். உங்கள் முதல் பதிவிலேயே விடை இருக்கிறது ஐயா. ‘பகலில் படகை ஓட்டிக்கொண்டு போகும்போது முதல் தடவையே எடுக்கிறது.’ பகல் என்பதாலோ குளிர் குறைவு என்பதாலோ இல்லை. எஞ்சின் ஓடுகிறது, ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கிறது. ராத்திரி எஞ்சின் நின்றபின் பேட்டரியில் 12.2, 12.3 இருக்கும். இரவு 8 மணியிலிருந்து காலை 8 வரை மற்ற படகுகளுக்குப் பக்கத்தில் எஞ்சின் ஓட்டக் கூடாது என்று இங்கே விதி, அதனால் அவனால் ராத்திரியில் எஞ்சினைப் போட்டுப் பார்த்திருக்கவும் முடியாது.

குளோ பிளக் ஸ்டார்ட் ஆகும்போது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். பேட்டரி பின்பக்கம், ஹீட்டர் முன்பக்கம் என்றால் போக 11 மீட்டர், வர 11 மீட்டர். 2.5 சதுர மில்லி ஒயர் போட்டிருந்தால் அந்த ஒயரிலேயே ஒன்றரை வோல்ட் காணாமல் போகும். ஹீட்டருக்குப் போய்ச் சேர்வது பத்தரை சொச்சம். எஞ்சின் ஓடும்போது கிடைக்கிற சூட்டில் முப்பது சதவீதம் குறைந்துவிடும், ஏனென்றால் சூடு வோல்ட்டேஜின் வர்க்கத்தில் இறங்கும். டீசல் ஆவியாகிற அளவு காய்கிறது, பற்றிக்கொள்கிற அளவு காயவில்லை. அந்தப் பாதி வெந்த டீசல்தான் வெள்ளைப் புகை. மிச்சம் சல்லடையில் தங்கிக் கரியாகிறது. எடுக்காததால்தான் கரி பிடிக்கிறது ஐயா, அப்புறம் கரி பிடித்ததால் இன்னும் எடுப்பதில்லை.

ஐப்பசியில் ஏன் ஓடியது என்றால், அப்போது கூரைமேல் சோலார் பலகை ஏதோ கொஞ்சம் ஏற்றிக்கொண்டிருந்திருக்கும். மார்கழியில் இங்கே மதியம் நாலு மணிக்கே இருட்டு.

மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைக்காமல் ஹீட்டரின் கனெக்டரில் வைத்து, ஸ்டார்ட் ஆகிற அந்த இரண்டு நிமிடமும் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அலாரம் மாட்டிய பிறகு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. குறைந்தால் 10 சதுர மில்லி ஒயர், பேட்டரியிலிருந்து நேராக, பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ். அப்புறம் ஹீட்டரை நிறுத்த மெயின் சுவிட்சைத் தட்டக் கூடாது. அதன் பட்டனில் நிறுத்தினால் சில நிமிடம் ஃபேனை ஓட்டி உள்ளே ஆற்றிக்கொள்ளும்.


அக்கரைப்பேட்டை லாஞ்சு:

தங்கச்சி சொல்வது சரி. அலாரத்தை நான் படித்தேன், கவனிக்காமல் விட்டேன். எங்கள் படகில் வீல்ஹவுஸில் ஒன்று, படுக்கைக்கு மேலே ஒன்று இருந்தது. அண்ணே, இன்று ராத்திரியே தாமதம் செய்யாமல் மகனிடம் பேசிவிட்டு எழுதுங்கள்.


ஆயில் எஞ்சின், திருவிடைமருதூர்:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். உடனே எழுதாததற்குக் காரணம் கொஞ்சம் வெட்கம்.

அம்மா வாய்க்கால்வாசி, உன் பதிவைப் படித்த நிமிடமே அவனைக் கூப்பிட்டேன். எப்படிக் கத்தியது என்று கேட்டேன். ‘தூக்கத்தில் யாருப்பா எண்ணினது’ என்றான். அன்றைக்கே போய் நீ சொன்ன நம்பர் போட்ட அலாரம் வாங்கினான். ஹீட்டர் அணைந்திருக்கும்போது திரையில் பூச்சியம். பகலில் கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து வைத்து, இரண்டு பேரும் கரையில் நின்றுகொண்டு ஓட விட்டார்கள். பத்து நிமிடம் கழித்துத் தலையை நீட்டிப் பார்த்தான். 42. அணைத்துவிட்டு எனக்குப் படம் அனுப்பினான். அதை அவன் அம்மாவிடம் இன்றுவரை காட்டவில்லை, நீங்களும் யாரும் எங்கள் ஊர்ப்பக்கம் வந்தால் சொல்லிவைக்காதீர்கள்.

அலமாரியைக் காலி செய்து பார்த்தால் சைலன்சர் மடிப்பு ஓரமெல்லாம் கறுப்புக் கோடு. பக்கத்துப் படகில் இருக்கிற ஒரு பெரியவர், அந்த ஊர்க்காரர்தான், வெல்டு செய்த சைலன்சரும் குழாயும் எது வாங்குவது என்று காட்டி, கூட நின்று மாட்டிக் கொடுத்திருக்கிறார். கைம்மாறாக மகன் அவருக்கு ரசம் வைத்துக் கொடுத்தானாம். இருமல் நின்றுவிட்டது என்று மறுநாளும் வந்து நின்றாராம். டேங்கை வெளி மேடையில் ஒரு பெட்டிக்குள் ஏற்றியாகிவிட்டது.

இனி ஒயர். பேட்டரி முனையில் 12.1, ஹீட்டர் கனெக்டரில் 10.2. நீ கணக்குப் போட்டதைவிட மோசம். ஏன் என்று ஒயரோடு ஒயராகப் பலகையைக் கழற்றிக்கொண்டே போனால், நடுவில் ஒரு ஜாயிண்ட். இரண்டு ஒயரையும் முறுக்கி, மடக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றியது. அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. முறுக்குகிற விதம், டேப்பைக் கடைசியில் பல்லால் கடித்து ஒட்டியிருக்கிற விதம், எல்லாம் என் கை. அவன் எட்டாவது படிக்கும்போது பட்டறையில் நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

‘லோ வோல்ட்டேஜில் ஓட்டாதே, காயில் புகைந்துவிடும்’ என்று மோட்டார் வைத்திருக்கிற அத்தனை விவசாயிக்கும் சொல்லித் திரிந்தவன் நான். என் மகன் படகிலும் லோ வோல்ட்டேஜ்தான். டீசல் என்ற சொல்லைக் கேட்டதும் டீசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

10 சதுர மில்லி ஒயர், பேட்டரியிலிருந்து நேராக. நடுவில் ஜாயிண்ட் கிடையாது. முனையில் கிரிம்ப் செய்த லக், பக்கத்தில் ஃபியூஸ். இப்போது ஸ்டார்ட் ஆகும்போது 11.7 காட்டுகிறது. இன்னொரு சல்லடையும் வாங்கிப் போட்டான். நேற்றோடு ஆறு ராத்திரி, ஆறும் முதல் தடவை. அலாரத்தில் பூச்சியம். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் முழு வேகம் என்று செகண்ட் எஞ்சினியர் சார் சொன்னதைக் காலண்டரில் எழுதி மாட்டியிருக்கிறான்.

நேற்று ராத்திரி அவன் அம்மா ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். ஹீட்டர் எடுத்து, குழாயில் காற்று இரைகிற சத்தம் கேட்டது. மகன் ஃபோனைப் பம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறான் போல. டிக், டிக், டிக். இவள் பேச்சை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

‘என்னடா, பல்லி சொல்லுது? எந்தப் பக்கத்துச் சுவர்னு பாரு’ என்றாள்.